முளைக்கு அந்தப் பக்கம்

“ஹலோ... ஹலோ... அருவிக்கரை லாட்ஜா?... நமசிவாயம் அண்ணாச்சியா பேசுதது?... நா மங்களேஸ்வரி, அண்ணாச்சி. பொருட்காட்சில இருந்து பேசுதேன்... ஆமா, ஆமா, டெலிவிஷன் கொட்டகைப் பிள்ளதான்... இல்ல, பாஸ் விஷயமா இல்ல... பாஸ் தாரேன், ஒங்க சகலை குடும்பத்துக்கே தாரேன், மொதல்ல நா சொல்லுதத கேளுங்க. பெரிய அருவில பொம்பளைப் பக்கம் குளிக்கிறவங்க அத்தன பேரையும் வெளிய ஏத்தணும். இப்பவே... வெளையாடல அண்ணாச்சி. என் குரல கேட்டா வெளையாடுத மாதிரியா இருக்கு?”

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மங்களேஸ்வரி மடியிலிருந்த இரும்புப் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். பெட்டியின் மேல் இரண்டு குமிழ்கள். ஒன்றைத் திருப்பினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். மற்றதைத் திருப்பினால் கலங்கியது தெளியும். பக்கத்தில் ஒரு சின்னப் பிடி, அதை அசைத்தால் கேமரா கொஞ்சம் தலையைத் திருப்பும். பெட்டியிலிருந்து கிளம்பிய கறுப்பு வயர் கொட்டகைக்கு வெளியே சவுக்குக் கம்புப் பரண் மேல் ஏறி, அங்கே அருவியைப் பார்த்து உட்கார்ந்திருந்த கேமராவில் போய் முடிந்தது. கேமரா பார்ப்பதெல்லாம் அவளுக்கு எதிரே மேஜையில் இருந்த திரையில் வெள்ளையும் சாம்பலுமாக விழுந்தது. டெலிபோன் பக்கத்துத் தடுப்பில் இருந்த கமிட்டி ஆபீசுடையது. ஓலைத் தட்டியை முழங்கையால் கிழித்து, அந்த ஓட்டை வழியாக இழுத்து வைத்திருந்தாள்.

“என்னன்னா... சொல்லுதேன். பொங்குமாங்கடல்ல ஒரு மரம் வந்து மாட்டிக்கிட்டு நிக்கு... மரம் அண்ணாச்சி, மரம். வேரோட. மலையில வெள்ளம் இழுத்துட்டு வந்திருக்கு... கீழ வெயில் அடிச்சா மேலயும் வெயில்னு அர்த்தமா?... ஆமா. ஆமா, தண்ணி கொறஞ்சிருக்கு. எனக்கும் தெரியுது. அதான் பயமே. காலையில அடிச்ச தண்ணி ஏன் மத்தியானம் கொறையணும்? மரமும் தழையும் அடைச்சிட்டு நிக்கு. பின்னால தண்ணி கட்டிக்கிட்டே இருக்கு. இங்கன மெல்ல விழுதுன்னு பொம்பளையாளுக எல்லாம் பாறையோரம் உள்ள போயிட்டாவ. அடைப்பு பிச்சுக்கிட்டா மரம் எங்க விழும்? அவங்க தலையிலதான விழும்?”

பெரிய அருவி உச்சியிலிருந்து நேராகக் கீழே வந்து விழுவதில்லை. பாதி உயரத்தில் பாறைக்குள் குடைந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் முழுக்க அதற்குள் இறங்கி, கொதித்து, பொங்கி, பிறகுதான் விளிம்பைத் தாண்டிக் குளிக்கிறவர்கள் மேல் விழும். அதுதான் பொங்குமாங்கடல். கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் நுரையும் சாரலும்தான் தெரியும். பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று குளிக்கிறவர்களுக்கும் தெரியாது, அருவிக்கரை லாட்ஜின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமசிவாயத்துக்கும் தெரியாது. எதிர் மேட்டில், பரண் மேல் இருந்த அந்தக் கேமராக் கண்ணாடிக்கு மட்டும் தெரிந்தது.

திரையில் மரம் நின்றது. தலைகீழாக. வேர்க்கொத்து மேலே விரிந்து, அடிமரம் பள்ளத்துக்குள். தண்ணீர் ஒவ்வொரு முறை பொங்கும்போதும் வேர் ஒரு சாண் எழும்பி, ஒரு பக்கமாகத் திரும்பி, மறுபடி அமர்ந்தது. அவள் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். முதலில் பார்த்தபோது எழும்பியதைவிட இப்போது கூடுதலாக எழும்புகிறது.

“ஹலோ... ஹலோ, இருக்கீங்களா?... என்னது?... யானையா?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“ஆமா. நேத்து யானைன்னு சொன்னேன்... ஆமா, மைக்குலதான் சொன்னேன்... ஆமா, அது எறும்பு... சிரிங்க அண்ணாச்சி. சிரிச்சு முடிங்க, நிக்கேன்.”

நேற்றுச் சாயங்காலம் கொட்டகை நிறைய ஆட்கள். மலைச் சரிவில் கறுப்பாக ஒன்று மெதுவாக நகர்ந்ததைத் திரையில் பார்த்து, அவள் மைக்கை வாங்கி, மலையில் யானை இறங்குகிறது என்று அறிவித்துவிட்டாள். குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாதிக் கூட்டம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடியது. மதராஸிலிருந்து கம்பெனியோடு வந்திருந்த இன்ஜினியர் பரணில் ஏறிப் பார்த்தார். லென்சின் முன்கண்ணாடியில் ஒரு கட்டெறும்பு. முன்வரிசையில் இருந்த நமசிவாயம்தான், பி.எஸ்ஸி. படித்த பிள்ளைக்கு எறும்புக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று சொல்லிச் சிரிப்பைத் தொடங்கிவைத்தவர். வீரகேரளம்புதூரில் அவள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டின முதல் ஆள் அவள். அந்தச் சிரிப்பு இரவு முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

“முடிஞ்சுதா?... சரி. இப்ப கேளுங்க. எறும்பு கண்ணாடி மேல இருந்துச்சு. நா எந்தக் குமிழ எப்படித் திருப்பினாலும் அது தெளியவே இல்ல. கலங்கின கறுப்பாவே இருந்துச்சு. அத நா கவனிச்சிருக்கணும். கவனிக்கல. தப்பு எம்பேர்லதான். இன்னைக்கு அப்படி இல்ல. திருப்பிப் பாத்துட்டேன். நாலு வாட்டி பாத்துட்டேன். பாறை கலங்கினா மரமும் கலங்குது. பாறை தெளிஞ்சா மரமும் தெளியுது. ரெண்டும் ஒரே தூரத்துல இருந்தாத்தான் அப்படி நடக்கும். மரம் கண்ணாடியில இல்ல. பாறையில இருக்கு. வேர் வேரா எண்ணலாம்... புரியலன்னா போகட்டும் அண்ணாச்சி. ஒங்களுக்குப் புரியணும்னு நா போன் பண்ணல. நாலு எட்டு வச்சு ஒரு சத்தம் குடுங்கன்னுதான் பண்ணினேன்.”

மறுமுனையில் பேச்சு நீண்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“நா ஓடி வரவா? இங்க இருந்து நேரே பாத்தாத்தான் ரெண்டு பர்லாங்கு. பாலம் சுத்தி, பஜார் கூட்டத்துல நுழைஞ்சு வந்து சேர பத்து நிமிஷம் ஆகும். மரம் பத்து நிமிஷம் நிக்குமான்னு நீங்க சொல்லுங்க, ஓடி வாரேன்... மைக்கா? அருவிச் சத்தத்துக்கு முன்னால இந்த மைக்கு எம்மாத்திரம்? அருவிக்கரைல போன் இருக்கது ஒங்க லாட்ஜுல மட்டும்தான்... நீங்க உள்ள போக வேண்டாம். பொம்பளைப் பக்கம் ஆம்பளை போகக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். வாசல்ல சீயக்காய் விக்கா பாருங்க, மூக்கம்மா, குளிக்கிறவங்க துணிமணிக்குக் காவல் இருக்கவ, அவள அனுப்புங்க. அவ போட்டா ஊருக்கே கேக்கும்...”

பிறகு ஒரு கேள்வி வந்தது. அவள் கை குமிழிலேயே நின்றுவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் டெலிபோனை எடுக்கும் முன்பு அவள் ஒரு நிமிஷம் முழுசாகத் தயங்கி நின்றாள்.

பொருட்காட்சியில் இந்தக் கேமராவை வைக்கக் கமிட்டிக்காரர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. இனி ஆலைக்கும் பேங்குக்கும் ராக்காவல் வேண்டாம், இந்தக் கண் பார்த்துக்கொள்ளும் என்றும், முன்பெல்லாம் தூரத்துக்கு ஒரு லென்சு கிட்டத்துக்கு ஒரு லென்சு என்று ஆள் ஏறி மாட்ட வேண்டும், இதில் கீழே உட்கார்ந்தபடியே மோட்டாரில் எல்லாம் நடக்கும் என்றும் இன்ஜினியர் பெருமையாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் முகம் இருண்டது. அப்படியானால் பெண்கள் குளிக்கிற பக்கம்? கடைசியில் இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். கேமரா ஒரு அளவுக்கு மேல் பெண்கள் பக்கம் திரும்பாதபடி அதன் தாங்கியில் ஒரு மரமுளை அடித்து வைக்க வேண்டும். குமிழைப் பிடிக்கிற கை ஒரு பெண்ணின் கையாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையால்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. முளையைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“... கேக்கு அண்ணாச்சி. கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“பொம்பளையாளுக பாறையோரம் நிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கீங்க... ஆமா. முளைய எடுத்துட்டேன்... நாந்தான். என் கையால... இன்ஜினியர் இல்ல. அவரு தென்காசிக்குச் சாப்பிடப் போயிருக்காரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது. கொட்டகை அடைச்சுக் கிடக்கு. நா ஒருத்திதான் இருக்கேன்... எதுக்கு எடுத்தேனா?”

எதற்கு எடுத்தாள். அவளுடைய அம்மா தங்கத்தாய் இன்று காலை ஊரிலிருந்து நாலு பெண்களோடு பஸ் ஏறி வந்திருந்தாள். பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டே நாற்று நட்டவள், ஒருநாள்கூட அருவியில் தலையைக் கொடுத்ததில்லை. அருவியில் தண்ணீர் விழும் சீசன் அவளுக்கு நடவுக்காலம். மகள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க என்று இப்போதுதான் வந்தாள். கொட்டகையில் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதுக்குள்ள நான் தெரிவேனா என்று கேட்டாள். குளிக்கப் போகும்போது நான் இங்கிருந்தே பார்ப்பேன் என்று மங்களேஸ்வரி சொல்லியிருந்தாள். சொன்னபடி பரணில் ஏறி, முளையைப் பிடுங்கி, கேமராவைத் திருப்பினாள். இறங்கி வந்து குமிழைத் திருகியபோது அம்மாதான் முதலில் தெளிந்தாள். சேலையை வரிந்து கட்டி, நடவில் நிமிரும்போது நிற்பதுபோல இடுப்பில் கை வைத்து, வாயைத் திறந்துகொண்டு தண்ணீருக்கு அடியில். அந்தச் சந்தோஷத்தில்தான், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே கேமராவின் கண்ணை ஓட்டினாள்.

“எங்கம்மா அங்கன குளிக்கா. அவளப் பாக்கணும்னுதான் எடுத்தேன்... பேசுங்க. என்ன பேசணுமோ பேசுங்க... ஆமா, குடும்பத்துப் பொம்பளையாளுகளத்தான் பாத்தேன். நானும் குடும்பத்துப் பொம்பளதான்... படிச்ச திமிரு. சரி. அப்புறம்?... அப்புறம்?... அண்ணாச்சி, நீங்க ஏசுத நேரத்துல வேரு ரெண்டு சாண் எந்திரிச்சிருச்சு.”

அவர் நிறுத்தவில்லை. அவளுக்குள் ஏதோ அறுந்தது.

“என்னவே மனுசன் நீரு?”

வயதில் மூத்தவரை அப்படிக் கேட்ட வேகத்தில் அவளுக்கே உடம்பு அதிர்ந்தது.

“இருவது பேரு அங்கன நிக்காவ. பிள்ளத்தாச்சி ஒருத்தி நிக்கா. நாளைக்கு இருவது பொணத்த ஒம்ம லாட்ஜு வாசல்ல போட்டுருப்பாவ. அன்னைக்கு என்னய நிக்கவச்சு முளைய எதுக்கு எடுத்தேன்னு கேளும், பதில் சொல்லுதேன். இப்ப எந்திரியும்.”

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவதாக ஒரு மூச்சும் கம்பியில் கேட்டது. அது நமசிவாயத்தினுடையது அல்ல.

“மசூது அண்ணே... எக்ஸ்சேஞ்சுல நீங்கதான?... கேட்டுட்டு இருக்கீகன்னு தெரியும். பரவால்ல. எல்லாத்தையும் கேளுங்க, ஊரெல்லாம் சொல்லுங்க. அதுக்கு முன்னால போலீசுக்கு ஒரு லைன் போட்டு, பெரிய அருவிக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. ஆனா இந்த லைன அறுத்துராதீங்க... சரிண்ணே... அண்ணாச்சி, நீங்க?... போறீங்களா? ரிசீவர வைக்காதீங்க, மேஜையில போட்டுட்டுப் போங்க. மூக்கம்மாகிட்ட சொல்லுங்க.”

மேஜையில் ரிசீவர் மோதிய சத்தம் காதில் அறைந்தது. பிறகு அருவியின் இரைச்சல் மட்டும், கம்பி வழியாக, தகரத்தில் மழை பெய்வதுபோல.

அவள் குமிழைத் திருப்பவில்லை. திருப்பினால் ஒன்றைத்தான் பார்க்கலாம். படம் விரிந்தால் கீழே நிற்கிற பெண்கள் வருவார்கள், மரம் நுரையோடு நுரையாகிவிடும். நெருக்கினால் மரம் வரும், அம்மா போய்விடுவாள். இரண்டையும் ஒரே திரையில் தெளிவாக வைத்துக்கொள்ள அந்த மதராஸ் கம்பெனிக்கு இன்னும் தெரியவில்லை. மரத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்வரை விழாது என்று ஒரு நினைப்பு. பிசிக்ஸ் படித்தவள் நினைக்கக்கூடாத நினைப்பு அது என்று தெரிந்தும் விடமுடியவில்லை.

“ஹலோ... சொல்லுங்க அண்ணாச்சி... மூக்கம்மா சொல்லிட்டாளா?... ஏன் வரல?... சிரிக்காவளா?”

அவளால் அதை முழுசாகக் கேட்கக்கூட முடியவில்லை. மூக்கம்மாள் வாசலில் நின்று வெள்ளம் வருகிறது என்று கத்தியிருக்கிறாள். பூப்போல விழுகிற தண்ணீருக்கு அடியில் நிற்கிறவர்கள், இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று அவளைக் கேலி செய்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். பஸ் பிடித்து வந்தவர்கள், வருஷத்துக்கு ஒருநாள் குளிக்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மங்களேஸ்வரி மேஜை மேல் கிடந்த முளையைப் பார்த்தாள். ஒரு சாண் நீளம், நுனியில் சுத்தியல் அடித்த தடம். எதைச் சொன்னால் அந்தப் பெண்கள் ஒரே மூச்சில் வெளியே ஓடிவருவார்கள் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“அண்ணாச்சி. நா ஒண்ணு சொல்லுதேன், அப்படியே போய்ச் சொல்லச் சொல்லுங்க. வெள்ளம்னு சொல்ல வேண்டாம். பொருட்காட்சி கேமரா பொம்பளைப் பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. குளிக்கிறது அத்தனையும் டெலிவிஷன் பெட்டில தெரியுதுன்னு சொல்லச் சொல்லுங்க... ஆமா. நெசந்தான அது?... தெரியும். கொட்டகைய பிச்சு எறிவாவ. தெரியும்... என்னய என்ன செய்வாவன்னு யோசிச்சுட்டுத்தான் சொல்லுதேன். யார் பாக்கான்னு கேப்பாவ. மங்களேஸ்வரி பாக்கான்னு சொல்லுங்க. தங்கத்தாய் மகள்னு சொல்லுங்க... ஏன் தயங்குதீங்க? இவ்வளவு நேரம் ஏசினதத்தான சொல்லச் சொல்லுதேன்... போங்க அண்ணாச்சி. கும்பிட்டுக் கேக்கேன்.”

இந்த முறை ரிசீவர் மேஜையில் மெதுவாக வைக்கப்பட்டது.

வேர் எழும்பியது. அமர்ந்தது. எழும்பியது. அவளுக்குப் பொறுக்கவில்லை. குமிழைப் பின்னால் திருகினாள். மரம் சுருங்கி நுரைக்குள் போயிற்று, அருவி முழு நீளத்துக்கு இறங்கியது, அடியில் கைப்பிடிக் கம்பியும் சின்னச் சின்ன உருவங்களும் வந்தன. இன்னொரு குமிழைத் தொட்டு அவற்றைத் தெளிய வைத்தாள்.

மூக்கம்மாள் படியில் நின்று கையை வீசுவது தெரிந்தது. அவளுடைய கை மேட்டுப் பக்கம், பரணைப் பார்த்து நீண்டது. ஒரு நொடி யாரும் அசையவில்லை. அப்புறம் நாற்றங்காலில் கல் விழுந்தாற்போல உருவங்கள் சிதறின. கையை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, ஈரச்சேலையை முகத்தில் இழுத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி தள்ளி, படியேறி, கம்பியைத் தாண்டி ஓடினார்கள். அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்ததெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று மங்களேஸ்வரிக்குத் தெரிந்தது. அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

அதன் பிறகும் ஒரு உருவம் தண்ணீருக்கு அடியிலேயே நின்றது.

பிடியை அசைத்து, குமிழை நெருக்கினாள். அவசரத்தில் படம் தாண்டிப் போய்க் கலங்கியது. திரும்பக் கொண்டுவந்தாள். தெளிந்தது.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரை ஒரு கையால் துடைத்துவிட்டு, நேராகப் பரணைப் பார்த்து, இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். மகள் பார்க்கிறாள் என்று தெரிந்துபோன சந்தோஷம் அது. மற்றவர்களை ஓடவைத்த அதே செய்தி அவளை மட்டும் அங்கேயே நிறுத்திவிட்டது.

“அம்மா, வெளிய வா...”

டெலிபோன் கம்பியில் யாரும் இல்லை.

“அண்ணாச்சி... நமசிவாயம் அண்ணாச்சி... யாராவது எடுங்க... மசூது அண்ணே, லைன்ல இருக்கீகளா?... மணி அடிங்க, அவங்க காதுல விழுற மாதிரி அடிங்க... ரிசீவர் கீழ கிடந்தா அடிக்காதா?... ஐயோ... ஹலோ... ஹலோ... அண்ணாச்சி, வந்துட்டீங்களா? எல்லாரும் இல்ல அண்ணாச்சி. எங்கம்மா நிக்கா. ஒத்தையில நிக்கா... அவளுக்குக் கேமரான்னா பயம் இல்ல. நா பாக்கேன்னு நிக்கா. கைய ஆட்டிட்டு நிக்கா அண்ணாச்சி... மரம்னு சொன்னா நிமிந்து மரத்தப் பாத்துட்டு நிப்பா. அவ அப்படித்தான்.”

என்ன சொன்னால் அம்மா அசைவாள்? எதற்கும் பயப்படாத மனுஷி. பாம்பை மண்வெட்டியால் அடித்துவிட்டு அதே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறவள். அவளுக்கு இருக்கிற ஒரே பயம் எது என்று மகளுக்குத் தெரியும்.

“பரண்ல இருந்து ஒம் மக விழுந்துட்டான்னு சொல்லுங்க... ஆமா. தலையில அடின்னு சொல்லுங்க. ரத்தம்னு சொல்லுங்க. பேச்சு மூச்சு இல்லன்னு சொல்லுங்க... நீங்களே போங்க. உள்ள போங்க. இப்ப அங்கன வேற எந்தப் பொம்பளையும் இல்ல, ஒங்கள அடிக்க ஆள் இல்ல. ஓடுங்க.”

மறுமுனையில் ரிசீவர் விழுந்து ஆடுவது கேட்டது. அது சுவரில் இடித்து இடித்து நின்றது.

திரையில், படிக்கட்டில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பருத்த உருவம் இறங்கியது. ஆண்கள் கால் வைக்காத அந்தப் படியில் பாசி வழுக்கி ஒரு முறை உட்கார்ந்து எழுந்தது. அம்மா திரும்பினாள். தூக்கியிருந்த கை அப்படியே நின்றது. அந்த உருவம் வாயருகே கை வைத்து எதையோ கத்தியது.

அம்மாவின் கை விழுந்தது. அவள் நமசிவாயத்தை இடித்துக்கொண்டு போனதில் அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தப்பினார். இரண்டு இரண்டு படியாகத் தாவி, திரையின் ஓரத்துக்கு வந்து, திரையைவிட்டே போய்விட்டாள். அவரும் தவழாத குறையாக அவள் பின்னால் ஏறினார்.

அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது. நின்றது. ஒரு கணம், சீசன் காலத்தில் யாரும் பார்த்திராதபடி, பாறை வெறுமையாகத் தெரிந்தது.

பிறகு திரை முழுக்க வெள்ளை.

சத்தம் கம்பியில் முதலில் வந்தது. காதைவிட்டு ரிசீவரை விலக்கினாள். இரண்டாம் முறை அதே சத்தம் தரை வழியாகக் கொட்டகைக்கு வந்து, மேஜையில் முளை உருண்டது. குமிழைத் திருகினாள், திருகினாள், எதுவும் தெளியவில்லை. தெளிய வைக்க அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடிந்தபோது, அம்மா நின்ற இடத்துக்குக் குறுக்கே அந்த மரம் கிடந்தது. கைப்பிடிக் கம்பி நூல்போல வளைந்து அதன் வேருக்குள் போயிருந்தது.

“ஹலோ... அண்ணாச்சி... யாரு?... நீங்கதானா. பேசுங்க. எதாவது பேசுங்க... யாருக்கும் ஒண்ணும் இல்லையா?... ஒருத்தருக்கும்?... எண்ணிப் பாத்தீகளா?... மூக்கம்மா?... கூடை போச்சா. கூடைதான, போகட்டும். நா வாங்கித் தாரேன்... ஒங்களுக்கு?... முட்டியிலயா... கட்டுப் போடுங்க... எங்கம்மா எங்க?... திரும்பிக்கூடப் பாக்கலையா?... மரம் விழுந்த சத்தம்கூடவா கேக்கல அவளுக்கு?”

அவர் அழுதுகொண்டிருந்தார். அவளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“அழாதீங்க... இல்ல, நேத்துச் சிரிச்சத நா மறந்துட்டேன்... மறக்கல. அத விடுங்க... என்னது?... எத்தன பேரு?... கம்போடயா?”

படத்தை முழுசாக விரித்தாள். அருவி ஒரு மூலைக்கு ஒதுங்கியது. பாலமும், பாலத்திலிருந்து பொருட்காட்சி மேட்டுக்கு வரும் சாலையும் வந்தன. சாலையில் ஒரு கூட்டம். பெண்கள் சொன்னதைக் கேட்டு ஆண்கள் பக்கத்திலிருந்து துண்டோடும் கோமணத்தோடும் கிளம்பியவர்கள். மரம் விழும் முன்பே பஜார் கூட்டத்துக்குள் நுழைந்திருப்பார்கள். அவர்களுக்குக் கேமரா தெரியும், மரம் தெரியாது.

அவர்களையும் முந்திக்கொண்டு, பத்து எட்டு இடைவெளியில், ஈரச்சேலை காலில் சுற்ற, ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தை அவளே கூட்டிக்கொண்டு வருவதுபோல இருந்தது.

“தெரியுது அண்ணாச்சி. பாலம் தாண்டிட்டாவ... நீங்க வந்து சொல்லுதீகளா?... வாங்க. முட்டி அடிபட்ட காலோட எப்ப வந்து சேருவீக?... மசூது அண்ணே, போலீசு?... கெளம்பிட்டாவளா. சரி... அண்ணாச்சி, என்ன சொல்லுதீக?... பின்வாசல் இருக்கு. ஆமா, தோப்பு வழியா ஐந்தருவி ரோட்டுக்குப் போயிரலாம். தெரியும்.”

கொட்டகையின் பின்தட்டியை அவள் திரும்பிப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்தால் போதும். கால் இரண்டும் அந்தப் பக்கமே இழுத்தன.

அம்மாவின் உருவத்தை நெருக்கினாள். ஓட ஓடக் கலங்கினாள் அம்மா. கலங்கக் கலங்கக் குமிழைத் திருப்பித் தெளிய வைத்தாள். வாய் திறந்திருந்தது. ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டு வந்தாள். சத்தம் இல்லாத திரையிலும் அது தன் பெயர் என்று தெரிந்தது.

“இல்ல அண்ணாச்சி. நா எங்கயும் போகல... நா விழுந்து செத்துக்கிடக்கேன்னு நெனச்சு ஓடி வாரா எங்கம்மா. வந்து பாக்கையில நா இங்கன இல்லாம இருந்தா?... அடிச்சா அடிக்கட்டும். அவ முன்னால வந்துருவா. அவளத் தாண்டித்தான் அடிக்கணும்... இல்ல, தைரியம் எல்லாம் இல்ல. ஆனாலும் நிக்கணும்... வைக்கேன் அண்ணாச்சி. கிட்ட வந்துட்டா.”

குமிழ் முட்டி நின்றது. அதற்கு மேல் அது திரும்பாது. தூரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துக் காட்டிய லென்சுக்கு இவ்வளவு கிட்டே வருகிறவளைத் தெளிய வைக்கத் தெரியவில்லை. அம்மா திரையில் ஒரு சாம்பல் அசைவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தாள்.

மங்களேஸ்வரி ரிசீவரை வைத்தாள். முன்தட்டியின் கயிற்றை அவிழ்த்துத் தள்ளிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் ஓடிவருகிறவளுக்கு முழுசாகத் தெரியும்படி வாசலில் போய் நின்றாள்.